பழைய வீட்டுப் பொருட்களைத் தொண்டுக் கடை ஏன் மறுக்கிறது, எப்படிக் கொடுத்தால் பயன்படும்

கேள்வி: பெற்றோர் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். நல்ல நிலையில் இருப்பதாக நாங்கள் நினைத்த பொருட்களை ஒரு வண்டியில் ஏற்றி, பயன்படுத்திய பொருட்களை விற்கும் தொண்டுக் கடைக்குக் கொண்டுபோனோம். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இலவசமாகத்தானே கொடுக்கிறோம், பிறகு ஏன் மறுக்கிறார்கள்? மீதிப் பொருட்களை எப்படிப் பிரிப்பது, எதைக் கொடுப்பது?

பதில்:

உங்கள் வருத்தம் புரிகிறது. பெற்றோர் ஆசையாக வாங்கி, துடைத்துத் துடைத்துப் பாதுகாத்த ஒன்றை யாரோ ஒருவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு "இது வேண்டாம்" என்று சொன்னால் மனம் சுருங்கத்தான் செய்யும். இப்படிப்பட்ட ஒரு கடையின் பின்அறையில், வரும் பொருட்களைத் தரம் பிரிக்கும் மேசையில், பல ஆண்டுகளாகத் தன்னார்வலராக வேலை செய்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். உங்கள் அடுத்த வண்டி திரும்பி வராமல் இருக்க அது உதவும்.

நாம் கொடுக்கும் பொருள் நேராக ஓர் ஏழைக் குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நேரடியாக வழங்கும் அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் தொண்டுக் கடை வேறு வகை. அங்கே பொருள் விற்கப்படுகிறது. விற்ற பணத்தில்தான் வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் எல்லாம் போக, மிச்சம் அந்த அமைப்பு நடத்தும் மருத்துவ உதவிக்கோ கல்விக்கோ தங்குமிடத்துக்கோ செல்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர்கள் கௌரவமாக, தாங்களே தேர்ந்தெடுத்து, காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முடிகிறது என்பது இதன் இன்னொரு பயன். இதை நான் சிறியதாக நினைக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலையில் நிற்பதற்கும், பிடித்ததை எடுத்து விலை கேட்பதற்கும் ஒரு மனிதருக்கு எவ்வளவு வேறுபாடு என்பதைக் கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே கடை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்க மாட்டார்கள் என்றால், அந்தப் பொருளை எடுத்து வைக்க இடம், பார்க்க ஆள், கடைசியில் குப்பைக்கு அனுப்பக் கட்டணம் என்று கடைக்குச் செலவுதான் மிஞ்சும். பல ஊர்களில் கடைகளின் குப்பையை எடுப்பதற்கு எடைக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். உடைந்த ஒரு சோபாவை ஏற்றுக்கொண்ட கடை, வேறு யாரோ கொடுத்த நல்ல சட்டைகள் சிலவற்றை விற்ற பணத்தை அந்தச் சோபாவை அப்புறப்படுத்தச் செலவிடுகிறது. உங்களை மறுத்தவர் இந்தக் கணக்கை மனதில் போட்டுவிட்டுத்தான் மறுத்திருப்பார்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. 1902-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் கிறிஸ்தவப் போதகர் தொடங்கிய முயற்சிதான் இன்றைய குட்வில் அமைப்பு. வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் பழைய துணிகளையும் சாமான்களையும் சேகரித்து, வேலையில்லாத ஏழைகளைக் கொண்டு தைத்துப் பழுதுபார்த்து விற்றார்கள். பழுதுபார்ப்பதே அங்கே வேலைவாய்ப்பாக இருந்தது. அதனால் கிழிந்ததும் உடைந்ததும்கூட மதிப்புள்ள கச்சாப்பொருள். 1948-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் விற்பனையைத் தொடங்கிய, ஆக்ஸ்ஃபாம் என்ற நிவாரண அமைப்பின் கடை இன்னொரு வழியில் பிறந்தது. போருக்குப் பின் கிரேக்க மக்களுக்கு உதவி கேட்டபோது, அனுப்பக்கூடியதைவிட அதிகமான பொருட்கள் வந்து குவிந்தன. அவற்றை விற்றுப் பணமாக்கி உதவுவது என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. இன்று பெரும்பாலான தொண்டுக் கடைகள் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன. தையல்காரரும் தச்சரும் மின்பணியாளரும் பின்அறையில் உட்கார்ந்திருக்கும் கடை அரிது. "சின்னப் பழுதுதான், யாராவது சரிசெய்துகொள்வார்கள்" என்று நினைத்துக் கொடுக்கப்படும் பொருளுக்கு அந்த 'யாராவது' இப்போது கடையில் இல்லை.

இனி உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறேன். தரம் பிரிக்கும் முதல் கை உங்களுடையதாக இருக்க வேண்டும். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். நீங்கள் கடையின் வேலையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு பொருளைப் பற்றிய உண்மை உங்களுக்கு மட்டுமே தெரியும். இந்த மின்விசிறி ஓடுகிறதா, இந்தக் கடிகாரம் நேரம் தவறுகிறதா, இந்தப் பாத்திரத்துக்கு மூடி எங்கே இருக்கிறது, இந்தப் பெட்டியின் சாவி எந்த வளையத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் வீட்டு வாசலைத் தாண்டியதும் மறைந்துவிடும் செய்திகள். பின்அறையில் நாங்கள் வீணாக்க நேரும் நல்ல பொருட்களில் பெரும்பகுதி இப்படித் தகவல் தொலைந்ததால் வீணாகிறவை.

நன்றாக ஓடக்கூடிய ஒரு தையல் இயந்திரம் வருகிறது, காலால் அழுத்தும் மிதிக்கட்டை வேறொரு பெட்டியில் வடங்களோடு வடங்களாகக் கிடக்கிறது. இரண்டையும் இரண்டு பேர் வெவ்வேறு நாளில் பிரிக்கிறார்கள். இயந்திரம் "முழுமையில்லை" என்று ஓரங்கட்டப்படுகிறது, மிதிக்கட்டை "எதனுடையதோ" என்று மின்கழிவுக்குப் போகிறது. கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து தருவார்கள், திருகுகளும் இணைப்புத் தகடுகளும் இருக்காது. பலகை விளையாட்டில் காய்கள் குறையும். தொலைக்காட்சி வரும், ரிமோட் வராது. இதில் எதுவும் கெட்டுப்போன பொருள் அல்ல என்பதுதான் வேதனை.

அதனால் ஒரு பொருளைச் சேர்ந்த எல்லாவற்றையும் அதனுடனேயே கட்டிவிடுங்கள். திருகுகளைச் சின்னப் பையில் போட்டு, கட்டில் சட்டத்தின் உட்புறத்தில் ஒட்டுங்கள். கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், எது எங்கே என்பதைத் துண்டுச்சீட்டில் எழுத முடியும். ரிமோட்டைக் கருவியின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். மின்கருவி என்றால் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, "ஓடுகிறது, இந்தத் தேதியில் பார்த்தோம்" என்று எழுதி ஒட்டுங்கள். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்: "இரண்டாம் வேகம் மட்டும் வேலை செய்யவில்லை" என்று எழுதப்பட்ட மின்விசிறி விற்கும். எதுவும் எழுதாத மின்விசிறியைச் சோதிக்க ஆளில்லாத கடை அதை வைக்கத் தயங்கும். கையெழுத்தில் எழுதிய ஒரு வரிச் சீட்டு பின்அறையில் எவ்வளவு மதிப்புள்ளது என்பதைக் கொடுப்பவர்கள் அறிவதில்லை.

துணிமணிகள். துவைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். 'முழுதாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். லேசான ஈரத்தோடு கட்டிய ஒரு துண்டு, மூடிய பையில் சில நாட்களில் பூஞ்சை பிடித்து, அந்த நாற்றத்தைப் பை முழுவதும் ஏற்றிவிடும். ஒரு துண்டுக்காக மொத்தப் பையும் போகும். பொத்தான் இல்லாததற்கு ஒரு பொத்தான் தைத்துவிட்டால் அது விற்பனைத் துணி. தைக்காவிட்டால் கந்தல். காலணிகளைச் சோடியாகக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒற்றைக் காலணியை எவரும் வாங்குவதில்லை, அதன் சோடியோ பெரும்பாலும் அதே கடையின் வேறொரு தொட்டியில்தான் கிடக்கும். பயன்படுத்திய உள்ளாடை வேண்டாம். சட்டைப் பைகள், கைப்பைகளின் உள்ளறைகள், மேலங்கியின் அடிப்பை எல்லாவற்றையும் கைவிட்டுப் பாருங்கள்.

வீட்டில் மூட்டைப்பூச்சித் தொல்லை இருந்திருந்தால், மெத்தை வைத்த நாற்காலி, சோபா, தலையணை எதையும் கொடுக்காதீர்கள். மறைத்துக் கொடுத்தால் ஒரு கடையை மூட வேண்டிய நிலைகூட வரும், அங்கே வாங்கிய குடும்பங்களுக்கும் அது போகும். துணிகளை மட்டும் காப்பாற்றலாம்: 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உலர்த்தினால் பூச்சியும் முட்டையும் சாகும். அந்த வெப்பம் துணியின் உள்மடிப்பு வரை எட்டும் அளவுக்கு நேரம் விடவேண்டும். பிறகு இறுக மூடிய பையில் வைத்து, விஷயத்தைச் சொல்லியே கொடுங்கள்.

கிழிந்த துணிகளை என்ன செய்வது என்பதைக் கடையிடம் கேளுங்கள். சில கடைகள் அவற்றையும் தனிப் பையில் வாங்கி, எடைக்கு வாங்கும் வியாபாரிகளிடம் கொடுக்கின்றன. துடைப்புத் துணியாகவும், பஞ்சாகப் பிரிக்கப்பட்டு மெத்தை நிரப்பவும், மறுபடி நூலாகவும் அவை போகின்றன. இந்தியாவின் பானிபட் நகரில் உலகெங்கிலுமிருந்து வரும் பழைய கம்பளித் துணிகளை அரைத்து நூலாக்கிப் போர்வை நெய்யும் தொழில் பெரிதாக நடக்கிறது. ஆனால் இதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு எதையும் கொடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கடைகளில் விற்காத துணி பொதிகளாகக் கட்டப்பட்டுக் கடல் கடக்கிறது. கானாவின் ஆக்ரா நகரிலுள்ள கண்டமாண்டோ சந்தை அப்படிப்பட்ட பொதிகள் வந்து இறங்கும் மிகப் பெரிய இடங்களில் ஒன்று. பொதியைப் பிரித்துப் பார்க்காமலே பணம் கொடுத்து வாங்கும் சிறு வியாபாரிகள், உள்ளே கறை படிந்ததும் கிழிந்ததும் இருந்தால் நட்டப்படுகிறார்கள். விற்காதது அந்த நகரின் சாக்கடைகளிலும் கடற்கரையிலும் சேர்கிறது. நம் வீட்டில் ஐந்து நிமிடம் செலவிட்டுப் பிரிக்காத துணியை, பிரிக்கும் வேலையையும் நட்டத்தையும் சேர்த்து, நம்மைவிட வசதி குறைந்த ஒருவர் தலையில் கட்டுகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மின்கருவிகளில் முதலில் மின்கலங்களைப் பாருங்கள். சாதாரண மின்கலத்தை எடுத்துவிடுங்கள். கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்தப் பெட்டியைத் துடைத்துப் பார்த்து, இணைப்பு அரிக்கப்பட்டிருந்தால் கொடுக்க வேண்டாம். லித்தியம் அயான் மின்கலம் உள்ள பழைய கைபேசி, மடிக்கணினி, வடமில்லாத் துளைக்கருவி போன்றவை வேறு கதை. துணிப் பைகளுக்குள்ளே போட்டுக் கொடுக்கப்படும் இவை அழுத்தப்பட்டால் தீப்பிடிக்கும். கழிவு லாரிகளிலும் பிரிப்பு நிலையங்களிலும் நடக்கும் தீ விபத்துகளுக்கு இவை ஒரு முக்கியக் காரணம். உப்பியிருக்கும் மின்கலத்தை எந்தக் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள், மின்கழிவு மையத்திடம் நேரடியாகக் கேட்டு ஒப்படையுங்கள்.

வடத்தின் மேலுறை வெடித்திருந்தால், செருகி கருகியிருந்தால், கருவி எவ்வளவு நன்றாக ஓடினாலும் கொடுக்காதீர்கள். குழல்விளக்குகளிலும் சுருள் வடிவ மின்சேமிப்பு விளக்குகளிலும் பாதரசம் இருக்கிறது. பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானியிலும் அதுவே. பின்பக்கம் பெருத்த பழைய தொலைக்காட்சிகளின் படக்குழாயில் ஈயம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அவற்றை விற்க முடிவதில்லை என்பதால் பெரும்பாலான கடைகள் தொடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓடுவதாக இருந்தால் பலர் விரும்பி வாங்குவார்கள். கொடுப்பதற்கு முந்தைய நாளே அணைத்து, பனி உருக விட்டு, உட்புறத்தைத் துடைத்து, கதவைச் சிறிது திறந்து வைத்துக் காயவிடுங்கள். மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்து, அந்த நாற்றத்தை நீக்குவது பெரும்பாடாகிவிடும்.

கைபேசி, கணினி, புகைப்படக் கருவி ஆகியவற்றில் உங்கள் பெற்றோரின் வாழ்க்கை இருக்கிறது. கோப்பை அழித்தால் அது உடனே மறைந்துவிடாது. அந்த இடம் இனி எழுதுவதற்குக் காலி என்று மட்டுமே கணினி குறித்துக்கொள்கிறது, மென்பொருள் கொண்டு மீட்டெடுக்கலாம். தகவல் சேமிக்கப்படும் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிட்டு, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டு, பிறகு முதல்நிலைக்கு மீட்டமைப்பது பாதுகாப்பான வழி. அது இயலவில்லை என்றால் வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, "வட்டு இல்லை" என்று எழுதிக் கொடுங்கள். கைபேசியில் மீட்டமைப்பதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். வெளியேறாமல் மீட்டமைத்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, அந்தக் கருவியை அடுத்தவர் திறக்கவே முடியாது. இறந்தவரின் கைபேசிகள் இப்படிப் பூட்டிய நிலையில் வந்து, உதிரிபாகத்துக்கு மட்டுமே பயன்படுவது மிகச் சாதாரணம். கடவுச்சொல் தெரிந்த யாராவது குடும்பத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். நினைவட்டையை எடுக்க மறக்க வேண்டாம். இணையத்தோடு இணையும் தொலைக்காட்சியிலும் கணக்கு திறந்தே இருக்கும்.

குழந்தைகளுக்கான பொருட்களில் என் கருத்து உறுதியானது: சந்தேகம் என்றால் கொடுக்காதீர்கள். காரில் குழந்தையை உட்காரவைக்கும் பாதுகாப்பு இருக்கை வெளியே புதிதாகத் தெரிந்தாலும், ஒரு விபத்தில் இழுபட்டிருந்தால் அதன் வலிமை போயிருக்கலாம். பிளாஸ்டிக் காலப்போக்கில் நொய்ந்துபோகும் என்பதால் தயாரிப்பாளர்கள் பலர் அதற்குக் காலாவதித் தேதியும் குறிக்கிறார்கள். வாங்குபவருக்கு அதன் வரலாறு தெரிய வழியில்லை. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடிவாங்கினால் நசுங்கி, அடுத்த அடியைத் தாங்காது. மேலோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. ஒருபக்கத் தடுப்பு மேலும் கீழும் இறங்கும் பழைய தொட்டில் கட்டில்களில் அந்தத் தடுப்பு கழன்று, இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்த நிகழ்வுகள் ஏற்பட்டதால், அமெரிக்கா 2011-இல் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. பழைய சாயம் பூசிய மரப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுச் சாயங்களிலும் பொம்மைகளிலும் ஈயச் சாயத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான். பரம்பரைப் பொம்மை என்றால் அலமாரியில் நினைவாக வையுங்கள், வேறொரு குழந்தையின் வாய்க்குப் போகவேண்டாம். இவற்றைக் குப்பையில் போடும்போதும் பட்டைகளை வெட்டி, சட்டத்தை உடைத்துப் போடுங்கள். முழுதாகத் தெருவில் வைத்தால், தேவையுள்ள ஒரு தாய் நம்பி எடுத்துக்கொண்டு போவார்.

மரச்சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. திடமரத்தால் செய்தது என்றால் கீறல் இருந்தாலும் கேளுங்கள், வாங்குவார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்கள் ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகு பிடிக்காமல் போய்விடும். நின்ற நிலையில் அப்படியே தூக்க முடிந்தால் மட்டும் கொடுக்கலாம். சாமானின் அடியில் நுண்ணிய மரப்பொடி குவிந்திருந்தால் உள்ளே துளைக்கும் வண்டு இருக்கிறது, அது கடையிலுள்ள மற்றவற்றுக்கும் பரவும். மெத்தைகளை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. மெத்தை வைத்த நாற்காலிகளில் தீத்தடுப்புச் சீட்டு இருந்தால் கத்தரித்துவிடாதீர்கள். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள் காரணமாக, அந்தச் சீட்டு இல்லாத சோபாவைத் தொண்டுக் கடைகள் பொதுவாக ஏற்பதில்லை. பெரிய சாமான் எதுவானாலும் நீளம், அகலம், உயரம் அளந்து, படம் எடுத்து முன்பே அனுப்பிக் கேட்டால் வண்டிக்கூலி மிச்சம். கழற்றிய கதவு, சன்னல், கழுவுதொட்டி, ஓடு போன்ற கட்டுமானப் பொருட்களுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. வீடுகட்டித் தரும் ஹேபிடட் அமைப்பு அப்படிப்பட்ட தன் முதல் கடையை 1991-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் திறந்தது. உங்கள் பகுதியில் அந்த வகைக் கடை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சமையலறைச் சாமான்கள் வேகமாக விற்கும். தனியாகக் குடியேறும் இளைஞர்களும் புதிதாகக் குடிவருபவர்களும் முதலில் தேடுவது இவற்றைத்தான். கீறல் விழுந்து பூச்சு உரியும் ஒட்டாத வாணலியைத் தவிர்த்துவிடுங்கள். பிரஷர் குக்கரைக் கொடுத்தால் அடைப்பு வளையமும் பாதுகாப்பு வால்வும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டில் எழுதுங்கள். புத்தகங்களில் பாடநூல்களும் பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளும் விற்பதில்லை. கதைகள், சமையல், குழந்தை நூல்கள் விற்கும்.

புத்தகத்தைக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், பெற்றோர் வீட்டைக் காலி செய்பவர்களிடம் இரண்டுமுறை சொல்கிறேன். முதியவர்கள் காகிதங்களை ஒளித்து வைப்பதில்லை, பத்திரப்படுத்துகிறார்கள். அவர்கள் பத்திரமான இடம் என்று நம்பியது புத்தக நடுப்பக்கம், மருந்துப் பெட்டியின் அடித்தட்டு, சேலை மடிப்பு, காலி டப்பா, கட்டமிட்ட படத்தின் பின்அட்டை. கடிதங்கள், குழந்தைகளின் முதல் மதிப்பெண் அட்டை, ஒற்றைக் கம்மல், நிலத்தின் பத்திர நகல் வரை பின்அறையில் நாங்கள் எடுத்திருக்கிறோம். யாருடையது என்று தெரிந்தால் திருப்பித் தர முயல்கிறோம். ஆனால் பல பைகள் பெயரில்லாமல் வருகின்றன. எங்களுக்குத் தெரியாமல் விற்றுப்போனவை எத்தனையோ இருக்கும். இந்தத் தேடுதலை வெளியாளிடம் விடாதீர்கள். உங்கள் அக்காவோ தம்பியோ உடன் உட்கார்ந்து செய்யட்டும். மெதுவாக நடக்கும் வேலைதான், நடக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். பெற்றோருக்கு மிகவும் விலைமதிப்பாக இருந்த பல பொருட்களைக் கடை வேண்டாம் என்றுதான் சொல்லும். கனமான கண்ணாடி அலமாரி, விருந்துக்கென்றே எடுத்து வைத்த பீங்கான் தொகுதி, பரிசாக வந்த பதக்கங்கள். இன்றைய வீடுகள் சிறியவை, அடிக்கடி வீடு மாறும் வாழ்க்கை. விலை போகாததால் அவற்றின் பின்னாலிருந்த உழைப்பு குறைந்துவிடவில்லை. இவற்றில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைப் படம் எடுத்து விடைகொடுங்கள். உறவினரிடம் கேளுங்கள், ஆனால் மறுக்க இடம் கொடுத்துக் கேளுங்கள்.

காலம் தாழ்த்தாதீர்கள். "என்றாவது கொடுப்போம்" என்று பரணில் ஏற்றிய பொருள் பரணிலேயே கெடுகிறது. ரப்பர் ஒட்டும் பிசினாக உருகுகிறது, உள்பட்டை நெகிழ்வு இழக்கிறது, வெள்ளைத் துணி மடிப்போடு மஞ்சளாகிறது, மின்கருவிக்குரிய வடமும் இணைப்பும் வழக்கொழிகின்றன. பத்து ஆண்டுகள் கழித்துக் கொண்டுவரப்படும் நல்ல பொருளைவிட, வாங்கிப் பிடிக்காமல் மறுமாதமே வரும் பொருள் கடைக்குப் பல மடங்கு உதவும்.

கொண்டுபோகும் முறையும் முக்கியம். முதலில் தொலைபேசியில் கேளுங்கள்: இந்த வாரம் என்ன எடுக்கிறீர்கள், எதை எடுப்பதில்லை, எந்த நேரத்தில் வரலாம். கிடங்கு நிரம்பிய நாட்களில் நல்ல பொருளையும் மறுப்பார்கள். பண்டிகைக்குப் பின்னும் ஆண்டுத் தொடக்கத்திலும் எல்லாரும் வீட்டை ஒழிப்பதால் நெரிசல் அதிகம். குளிர்காலத் துணியைக் குளிர் தொடங்குமுன் கொடுங்கள், வைத்திருக்க இடமில்லாத சிறு கடைக்கு அது பெரிய உதவி. புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் கட்டுங்கள். அவற்றைத் தூக்குபவர்களில் பலர் ஓய்வுபெற்ற முதியவர்கள். உடையக்கூடியதைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியின் வெளியே எழுதுங்கள். கறுப்புக் குப்பைப் பையில் போட்டால் குப்பை என்று தவறாக எடுத்துப்போகப்படும் ஆபத்து இருக்கிறது, உள்ளே தெரியும் பையோ அட்டைப்பெட்டியோ நல்லது.

கடை மூடிய பிறகு வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். இரவு மழை பெய்தால் எல்லாம் போயிற்று. யாராவது கிளறி நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தெருவில் இறைப்பார்கள். காலையில் வரும் தன்னார்வலரின் முதல் வேலை நடைபாதையைக் கூட்டுவதாக இருக்கும். திறந்திருக்கும் நேரத்தில் போய், அவர்கள் பார்க்கும் வரை நின்று, வேண்டாம் என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்களிடம் முகத்துக்கு நேரே சொல்வது அவர்களுக்கும் எளிதல்ல.

ரசீது வேண்டுமானால் அப்போதே கேளுங்கள். சில நாடுகளில் இத்தகைய நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. பிரிட்டனில் 'கிஃப்ட் எய்ட்' திட்டத்தில் கையெழுத்திட்டால், உங்கள் பொருளை விற்ற தொகையின் மேல் அரசிடமிருந்து கூடுதல் தொகையைக் கடை பெற்றுக்கொள்ளும். தெருவோரத்தில் நிற்கும் துணிச் சேகரிப்புப் பெட்டிகளில் போடுமுன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எல்லாமே தொண்டு அமைப்புகளுடையவை அல்ல, சில முழுக்க வணிக நிறுவனங்களுடையவை. பதிவு எண்ணும் தொடர்பு முகவரியும் இல்லாத பெட்டியை நான் நம்பமாட்டேன். கடைகளிலும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: விற்ற பணம் எந்த வேலைக்குப் போகிறது, விற்காதது எங்கே போகிறது? நன்றாக நடக்கும் கடை இரண்டுக்கும் உடனே பதில் சொல்லும்.

உங்களுக்குத் திரும்பி வந்த அந்தப் பாதி வண்டியைப் பொறுத்தவரை: பழைய துண்டுகளும் போர்வைகளும் இருந்தால் விலங்குக் காப்பகத்தைக் கேளுங்கள், நாய்களுக்கு விரிக்க அவை எப்போதும் தேவை. சின்னப் பழுதுள்ள கருவிகளுக்குப் பழுதுபார்ப்பு முகாம்கள் இருக்கின்றன. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' என்ற முறை இப்போது பல நாடுகளில் நடக்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து, பொருளின் சொந்தக்காரரோடு சேர்ந்தே பழுதுபார்க்கிறார்கள். கடைக்குப் பொருந்தாத ஆனால் ஒருவருக்குப் பயன்படும் பொருட்களை, குறையைச் சொல்லி, அக்கம்பக்கத்து இலவசப் பரிமாற்றக் குழுக்களில் போடுங்கள். பூட்டுக்குச் சாவியில்லாத அலமாரியைக்கூட, பூட்டுத் தெரிந்த யாராவது கேட்டு வருவார்கள்.

அடுத்த வண்டிக்குச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள். அங்கே முடிவெடுப்பது எளிது, பொருளும் உடனே விற்கும். பிறகு துணி, அதன்பின் மின்கருவிகள். காகிதங்களையும் புத்தகங்களையும் கடைசிக்கு விடுங்கள், அவற்றுக்குத்தான் நேரம் தேவை. கடைக்குத் தொலைபேசியில் பேசும்போது, இப்போது அவர்களுக்கு எது பற்றாக்குறை என்றும் கேட்டுவிடுங்கள். குழந்தைகள் துணியோ குடையோ பயணப்பெட்டியோ என்று ஏதாவது சொல்வார்கள். அது உங்கள் பெற்றோர் வீட்டில் இருந்தால், அந்தப் பெட்டியை வண்டியில் கடைசியாக ஏற்றுங்கள், இறக்கும்போது முதலில் கைக்கு வரும்.